டிரம்மில் ஒட்டிய கையெழுத்து

போடிநாயக்கனூர்
9 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

சூர்யகலா எழுதுகிறேன். நானும் பொன்னுமணி அத்தையும் இங்கே சுகமாக இருக்கிறோம். மேலே மலையில் மழை பிடித்துவிட்டது என்று பால்சாமி அண்ணன் சொன்னார். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். ஏலக்காய் காயவைக்கும் உங்கள் ஸ்டோர் இருக்கும் பள்ளத்தில் சிக்னல் எடுக்காது. எஸ்டேட் ஆபீஸுக்குப் பேசினால் மானேஜர் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும். பால்சாமி அண்ணன் ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் மேலே வருகிறார். அவர் ஜீப்புதான் இனி நமக்குத் தபால்.

அப்பா, எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பயோடீசல் கம்பெனி. பரோட்டாக் கடை, பஜ்ஜிக் கடைகளில் பொரித்து மிஞ்சும் எண்ணெயை வாங்கி, ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசலாக மாற்றுகிறார்கள். அதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. முதல் நாள் முதலாளி காசிராஜன் சார் பேர் கேட்டார். மூன்று தடவை சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டது. "ஏம்மா, எண்ணெ கெட்டுப்போச்சுன்னாவது சத்தமாச் சொல்லுவியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் முதல் உங்கள் ஸ்டோருக்கும் எங்கள் எண்ணெய்தான் வருகிறது. சாதா டீசலைவிடப் புகை குறைவு. ஜெனரேட்டர் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது வேறொன்று. இரண்டையும் சூடாக்கிக்கொண்டே மேலே தீயைக் காட்டிப் பார்த்தேன். டீசல் வெந்நீர்ச் சூட்டிலேயே பற்றிக்கொண்டது. இது தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டியும் பற்றவில்லை. பகலெல்லாம் ஜெனரேட்டர் பக்கத்திலேயே இருப்பவர் நீங்கள். அதை நினைத்ததும் நிம்மதியாக இருந்தது.

ஒவ்வொரு டிரம்மிலும் சோதனைத் தாள் ஒட்டுவார்கள். அதில் என் கையெழுத்து இருக்கும். வந்ததும் பாருங்கள்.

உங்கள் மகள்,
சூர்யகலா


மூணாம் நம்பர் ஸ்டோர்
14 ஜூலை

என் ஆத்தா சூர்யகலாவுக்கு,

அப்பா கன்னையன் எழுதறது. நானும் உங்கம்மா ராக்கும் நல்லாருக்கோம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, வாய் மட்டும் கொறையல. நீ வேளைக்குத் திங்கிறியா?

டிரம்மு வந்துருச்சு. ஜெனரேட்டர் ஓடுனா ஸ்டோர் பூராம் பஜ்ஜிக் கடை வாசம். காய் எடுக்க வர்ற பொம்பளைக, "கன்னையண்ணே, வாழைக்கா பஜ்ஜி ரெண்டு குடு, சட்னி நெறயா ஊத்து"ங்கிறாளுக. உங்கம்மாதான் அதுல மொத ஆளு. புகை நெசமாவே கம்மி. சாயங்காலம் மூக்கச் சிந்துனா கருப்பா வர்றதில்ல.

ஆனா மொத வாரத்துலயே பில்டர் அடைச்சிருச்சு. ஏன்னு கேட்டு எழுது.

உன் கையெழுத்துத் தாள எல்லார்ட்டயும் காட்டிட்டேன். மானேஜர் சேட்டன், "கன்னையா, மோள் மிடுக்கியாணல்லோ"ன்னாரு. அவரு வாயில யாரையும் கெட்டிக்காரின்னு வந்து நான் கேட்டதில்ல. காலி டிரம்முலருந்து தாளத் தண்ணி தொட்டு உரிச்சு வீட்டுச் செவுத்துல ஒட்டிட்டேன்.

இப்படிக்கு உன் அப்பா,
கன்னையன்


போடிநாயக்கனூர்
21 ஜூலை

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சுகம். அம்மாவுக்குத் தைலம் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

பில்டர் அடைத்ததற்குக் காரணம் எங்கள் எண்ணெய் இல்லை. உங்கள் டேங்க்கில் வருஷக்கணக்காகப் படிந்த பழைய டீசல் கசடு. அதை இந்த எண்ணெய் கரைத்து இழுத்து வருகிறது. இரண்டு தடவை பில்டர் மாற்றினால் சரியாகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய ரப்பர் குழாயை இது இளக்கிவிடும். குழாய் சேரும் இடத்தில் சொட்டுகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

சுவரில் ஒட்டியதை எடுத்துவிடுங்கள் அப்பா. வெட்கமாக இருக்கிறது.

சூர்யகலா


மூணாம் நம்பர் ஸ்டோர்
2 செப்டம்பர்

ஆத்தா,

சொகமா? இங்க நாங்க இருக்கோம். மழையும் மூடுபனி மஞ்சுமாக் கெடக்கு. சூரியனப் பாத்து நாளாச்சு.

உன் எண்ணெ உறைஞ்சு போச்சு. விடியக்காலம் கரண்டு போனதும் ஜெனரேட்டரப் போட்டேன், எடுக்கல. தொறந்து பாத்தா நெய்யாட்டம் இருக்கு. சாதா டீசல் எந்தக் குளுருலயும் இப்படிப் பண்ணாது. காத்தாடி நின்னா அடுப்புச் சூடு காய்க்குப் போகாதுன்னு உனக்கே தெரியும். தட்டுல கெடந்த ஏலக்கா பூராம் பச்ச போயி வெளுத்துருச்சு. மானேஜர், "இது உன் மகளோட எண்ணெயா, உன் பெண்டாட்டி தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா?"ன்னு எல்லாரு முன்னாடியும் கேட்டாரு. "இன்னொரு தடவ காத்தாடி நின்னா டீசலுக்கே போயிருவோம், ஓட்டுறதுக்கும் வேற ஆளு பாத்துருவோம்"னுட்டாரு.

எனக்கு வேல போறது பெருசில்ல. உன் எண்ணெயக் கொறை சொல்லிப் போகக் கூடாது. வெரசா ஒரு வழி எழுது.

கன்னையன்


போடிநாயக்கனூர்
8 செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். மானேஜர் கேட்டதைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எண்ணெய் கெட்டுப்போகவில்லை. மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைகிற மாதிரிதான் இதுவும். குளிர் கூடிய நாள்களில் பாதிக்குப் பாதி டீசல் கலந்து ஊற்றுங்கள். டீசல் இல்லாவிட்டாலும் பயமில்லை. கொஞ்சம் சூடு பட்டால் போதும், தெளிந்துவிடும். லேசில் பற்றுகிற எண்ணெயும் இல்லை.

பதில் எழுதுங்கள்.

சூர்யகலா


போடிநாயக்கனூர்
2 அக்டோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மழையில் ஜீப்பு சரியாக ஓடவில்லை என்கிறார்கள். இருவரும் சுகம்தானே?

நேற்று உங்கள் ஸ்டோருக்கும், அந்தப் பக்கத்து இரண்டு எஸ்டேட்டுகளுக்கும் புது லோடு போயிற்று. அதைப் பற்றி எழுத வேண்டும்.

எண்ணெயை மாற்றுவதற்கு மெத்தனால் என்று ஒன்று சேர்ப்போம். சாராயம் போல இருக்கும். அதைவிட விஷம், அதைவிட வேகமாகப் பற்றும். வேலை முடிந்ததும் அதை வெளியேற்றி, எண்ணெயைத் தண்ணீரில் கழுவ வேண்டும். இந்தத் தடவை அவசரம் என்று அதைச் செய்யவில்லை. நான் சோதித்தேன். கை பொறுக்கும் சூடு வருவதற்கு முன்பே பக்கென்று பிடித்தது. காசிராஜன் சாரிடம் சொன்னேன். கேட்காதது போல இருந்தார். மறுபடி சொன்னேன். "போடிமெட்டுல எந்நேரமும் குளிரு. அங்க எவன் இதச் சூடு பண்ணப் போறான்? போடும்மா" என்றார். லாரி இன்ஜினை அணைக்காமல் நின்றது. லோடுமேன்கள் என்னையே பார்த்தார்கள்.

கையெழுத்துப் போட்டேன்.

குளிரில் ஒன்றும் ஆகாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஜெனரேட்டர் ஷெட் நாலு பக்கமும் திறந்ததுதானே. எதற்கும் டிரம்மைத் தீ அண்டாத இடத்தில் வெளியிலேயே வைத்திருங்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

சூர்யகலா


மூணாம் நம்பர் ஸ்டோர்
4 அக்டோபர்

என் ஆத்தாவுக்கு,

நல்லாருக்கியா? ஜீப்பு வராததால உன் லெட்டரு ஒண்ணும் வரல. போன மாச லெட்டருதான் கையில இருக்கு. அதுக்கே இப்பத்தான் பதில் எழுதுறேன், கோவிச்சுக்காத. இத, கீழ எறங்குற ஒரு லாரிக்காரர்ட்டக் குடுத்து விடுறேன்.

நீ சொன்ன வழி பலிச்சுருச்சு. கொஞ்சம் சூடு பட்டாப் போதும்னு எழுதியிருந்தியே. இந்த மலையில சூடு எங்க இருக்கு? யோசிச்சுப் பாத்தா, நம்ம ஸ்டோருக்குள்ளதான் இருக்கு! காய் காயிற ரூமுல, அடுப்புக் குழா போற செவுத்தோரமா டிரம்ம உருட்டி வச்சுட்டேன். செவுத்துல ஓட்ட போட்டு, குழாய வெளிய ஜெனரேட்டருக்கு விட்டாச்சு. மானேஜர் மொதல்ல பயந்தாரு. லேசில பத்தாதுன்னு நீ எழுதுனதப் படிச்சுக் காட்டினேன். டிரம்முல இருந்த தாளையும் காட்டினேன். "மோள் ஒப்பு இட்டிட்டுண்டல்லோ"ன்னு, உன் கையெழுத்தப் பாத்துச் சம்மதிச்சுட்டாரு. அந்தப் பக்கத்து ரெண்டு ஸ்டோர்லயும் நம்மளப் பாத்து அதே மாதிரி வச்சுட்டாங்க.

புது லோடு முன்ன மாதிரி இல்ல. தண்ணியாட்டம் இருக்கு. பஜ்ஜி வாசம் போயி, ஊசி போடுறப்ப தடவுற பஞ்சு வாசம் வருது. நல்லாச் சுத்தம் பண்ணியிருக்கீக போல. டிரம்முல ரப்பர் குழா சேர்ற எடத்துல சொட்டுது, அடியில தேங்காச் செரட்ட வச்சிருக்கேன்.

தட்டுல காய் பெரட்டுற பொம்பளைகளுக்கு ரெண்டு நாளாத் தலவலி. உங்கம்மாவும் படுத்துருக்கா. பனி சேரல போல.

கன்னையன்


முந்தல் செக்போஸ்ட்
7 அக்டோபர்

அப்பா,

நலம் கேட்க நேரமில்லை. இதைப் படிக்கும்போது உள்ளே யாராவது இருந்தால் முதலில் எல்லாரையும் வெளியே கூப்பிடுங்கள். அம்மாவை ஸ்டோர்ப் பக்கமே விடாதீர்கள். அந்தப் பஞ்சு வாசனைதான் மெத்தனால். தலைவலி பனியால் வந்தது இல்லை. அந்த ரூமில் காற்றே பற்றும்.

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறங்கள். உள்ளே ஒரு ஸ்விட்ச்சையும் தொடாதீர்கள். வெளியே இருக்கும் அடுப்பு வாயை ஈர மண் போட்டு மூடுங்கள். அடுப்பு நன்றாக ஆறிய பிறகுதான் டிரம்மை நகர்த்த வேண்டும். காய் வெளுத்தால் வெளுக்கட்டும். மானேஜர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.

உங்கள் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. எஸ்டேட் ஆபீஸுக்குப் பேசிப் பேசிப் பார்த்தேன். மரம் விழுந்து லைன் செத்துக் கிடக்கிறதாம். மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறது. பால்சாமி அண்ணன் ஜீப்பில் இங்கே வரை வந்தேன். இன்னும் கல் உருண்டுகொண்டிருக்கிறது, ஆளை விட முடியாது என்று திருப்பிவிட்டார்கள். அழுதும் பார்த்தேன். மண் அள்ளும் ஜேசிபிக்காரர் ஒருவர் மட்டும் மேலே போகிறார். சரிவுக்கு அந்தப் பக்கம் யாரிடமாவது சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஜீப்பிலேயே கிடந்த என் பழைய கடிதத்தையும் அவரிடமே கொடுத்திருக்கிறேன்.

நான் சூடு என்று எழுதியபோது எனக்கு ஸ்டோர் ஞாபகம் வரவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு வரவில்லை.

சூர்யகலா


போடிநாயக்கனூர்
10 அக்டோபர்

அப்பா,

எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதக் கை வரவில்லை.

பதில் இல்லை. பஸ் ஸ்டாண்டில் மேலேயிருந்து நடந்து இறங்கியவர்களைக் கேட்டேன். ஒருவர், "எந்த ஸ்டோர்லயோ புகை கண்டுச்சு" என்றார். இன்னொருவர், "ஏலக்கா சீசன்ல எந்த ஸ்டோர்ல புகை இல்ல?" என்று அவரை அதட்டினார். மொட்டை மாடியில் ஏறி மலையைப் பார்க்கிறேன். மஞ்சு எது, புகை எது என்று தெரியவில்லை.

மற்ற இரண்டு ஸ்டோர்களில் ஒன்றுக்கு லைன் கிடைத்தது. டிரம்மை வெளியே எடுங்கள் என்றேன். "தாள்ல பாஸுன்னு ஒட்டியிருக்கே, நீ யாரும்மா?" என்று கேட்டார்கள். பேர் சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டேன். கம்பெனி போனில்தான் பேசினேன், சார் பக்கத்து அறையில் இருந்தார்.

ஒரே ஒரு வரி எழுதுங்கள். எழுத வேண்டாம், ஒரு கோடு போட்டு அனுப்புங்கள்.

சூர்யகலா


மூணாம் நம்பர் ஸ்டோர்
11 அக்டோபர்

ஆத்தா சூர்யகலாவுக்கு,

எழுத்து வேறயா இருக்கேன்னு பயந்துராத. நான் சொல்லச் சொல்ல, டிஸ்பென்சரி நர்சு சுஜிதா எழுதுது. நான் நல்லாருக்கேன். உங்கம்மாவும் நல்லாருக்கா, தலவலி விட்டுருச்சு.

உன் லெட்டர் ரெண்டும் ஒண்ணா நேத்துக் காலையிலதான் வந்துச்சு. படிச்ச ஒடனே எல்லாத்தையும் வெளிய வெரட்டிட்டேன். மானேஜர், "காய் போச்சே, காய் போச்சே"ன்னு குதிச்சாரு. நான் மண்ண அள்ளி அடுப்பு வாயில கொட்டிட்டேன். நீ ஆறணும்னு எழுதியிருந்த. நாந்தான் பொறுக்காம டிரம்ம உருட்டப் போனேன். செரட்ட வழிஞ்சு அடுப்புக் குழாய்க்கடியில ஓடியிருந்துச்சு. தீ பிடிச்சதே தெரியல ஆத்தா. கண்ணுல படாத தீ, மெத்தனால் தீ அப்படித்தானாம். கை சுட்டப்பறந்தான் தெரிஞ்சுச்சு. ஆனா டிரம்மு வெளிய வந்துருச்சு. கையில சும்மா லேசாச் சூடு பட்டுருக்கு.

மானேஜர் அந்தத் தாளக் காட்டி, "இது உன் மகளோட ஒப்பு அல்லே?"ன்னு கேட்டாரு. இல்லன்னுட்டேன். என் மக கையெழுத்து எனக்குத் தெரியாதா, இது எவனோ அவ பேர்ல போட்டதுன்னுட்டேன். எல்லாரும் நம்பிட்டாங்க. இத்தன நாளா அதத் தூக்கிக் காட்டுனவனே நாந்தான, நான் சொன்னா நம்பாம?

வீட்டுச் செவுத்துல இருந்ததையும் உரிக்கச் சொல்லிட்டேன். ரெண்டாந்தேதி லெட்டர உங்கம்மா அடுப்புல போட்டுட்டா. அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகமில்ல. உனக்கும் வேணாம்.

கன்னையன்

இது சுஜிதா எழுதுவது. கன்னையன் சேட்டன் லேசு என்று எழுதச் சொன்னார். லேசு இல்லை. இரண்டு கையும் முழங்கை வரை வெந்திருக்கிறது. வழி திறந்தால் உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். "மக பயப்படுவா" என்று சொல்லி வர மறுக்கிறார். நீ வந்து சொன்னால் கேட்பார்.


போடிநாயக்கனூர்
13 அக்டோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையைப் பற்றி சுஜிதா அக்கா எழுதிவிட்டார். அம்மாவுக்குத் தலைவலி விட்டதைப் படித்துவிட்டு அத்தை சாமிக்குச் சூடம் ஏற்றப் போனார். நான் தடுத்துவிட்டேன். இப்போது எந்தத் தீயையும் என்னால் பார்க்க முடியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் காசிராஜன் சார் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். கூட வந்த இருவர் சந்து முனையில் நின்றார்கள். "எஸ்டேட் மானேஜர் ஆள் விட்டிருந்தாரு. உங்கப்பாவே இது உன் கையெழுத்து இல்லன்னுட்டாராம்ல, வெவரமான மனுசன். நீயும் அதையே சொல்லு. சோதிக்காம எவனோ தாள ஒட்டிட்டான்னு முடிச்சுருவோம்" என்றார். மற்ற டிரம்களைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார். போகும்போது அத்தையிடம், "வயசுப் பிள்ளைய வச்சிருக்கீக, சூதானமாப் பாத்துக்கங்க" என்றார். அத்தை கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்பா, அது என் கையெழுத்து இல்லையென்றால், அந்த எண்ணெயை நான் சோதிக்கவே இல்லை என்றாகிவிடும். அப்புறம் அது கெட்டது என்று சொல்ல ஆளே இல்லை. இன்னும் இரண்டு ஸ்டோர்களில் டிரம் அடுப்புக் குழாய் ஓரத்தில் இருக்கிறது. உங்களைப் பார்த்து வைத்தவர்கள் அவர்கள். அங்கேயும் காய் புரட்டுகிறவர்களுக்குத் தலை வலித்துக்கொண்டிருக்கும்.

இன்று காலை அத்தை போனில், அன்று லைன் கிடைத்த ஸ்டோருக்கே மறுபடி பேசினேன். யாரென்று கேட்டார்கள். "சூர்யகலா. தாளில் இருப்பது என் கையெழுத்து. எண்ணெய் கெட்டது. தெரிந்தேதான் போட்டேன்" என்றேன். மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த முனையில் யாரோ கத்தியதும், ஆள்கள் ஓடியதும் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர்களே கூப்பிட்டு, அடுப்பை மூடிவிட்டதாகச் சொன்னார்கள்.

இரண்டாவது ஸ்டோருக்கு மணியே அடிக்கவில்லை.

ஒரு பக்கம் வழி விட்டிருக்கிறார்கள். வீட்டில் தொடங்கிய கடிதத்தின் மிச்சத்தைப் பால்சாமி அண்ணன் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மடியில் அந்த லோடின் சாம்பிள் பாட்டில் இருக்கிறது. சோதித்த மிச்சம், நான் கொட்டவில்லை. முதலில் அந்த ஸ்டோருக்குப் போய் டிரம்மை எடுக்கச் சொல்ல வேண்டும். பிறகு உங்கள் மானேஜரிடம். பிறகு உங்களைக் கூட்டிக்கொண்டு இதே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும். வர மாட்டேன் என்று சொல்லக் கூடாது.

முந்தல் தாண்டியதிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் பின்னாலேயே வருகிறது. "வேற சோலியாப் போறவனா இருக்கும், திரும்பிப் பாக்காத" என்கிறார் அண்ணன். ஆனால் அவரே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். வளைவுக்கு வளைவு எழுத்து கோணுகிறது. மேலே ஸ்டோர் இருக்கும் பக்கம் வெள்ளையாக ஏதோ எழும்புகிறது. மஞ்சாகத்தான் இருக்க வேண்டும்.

உங்களால் இதைப் பிரிக்க முடியாது. நானே பிரித்து உங்களுக்கும் அம்மாவுக்கும் வாசிக்கிறேன். மானேஜரும் இருக்கட்டும். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதையும் என்னுடையது இல்லை என்று சொல்லிவிடாதீர்கள் அப்பா.

உங்கள் மகள்,
க. சூர்யகலா